மஞ்சள் டேப் ஒட்டிய சிவப்பு விளக்கு

கும்மிடிப்பூண்டி
3.8.2025, ஞாயிறு

ராபின் அண்ணனுக்கு சுகிர்தா எழுதுவது.

உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் வேறொரு போனிலிருந்து கூப்பிட்டேன். குரல் கேட்டதுமே பிரின்சி அண்ணி, "இன்னும் இன்னாடி வேணும் உனக்கு? மிச்சம் ஏழு விரல் கீது, அதையும் எட்த்துக்கினு போறியா?" என்று கேட்டு வைத்துவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் தபால்.

நான் இப்போது இரும்புத் தகடு அடிக்கும் அந்த பிரஸ் ஷாப்பில் இல்லை. ட்ரெயினிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு எடுப்பவள் மனுஷர்களைப் பற்றிப் படித்திருக்க வேண்டும் என்று கம்பெனியே சொன்னதால், தபால் வழியில் உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். டிப்ளமாவில் மூன்று அரியர் வைத்தவள்தான் நான்.

முதல் பாடம் என்னைத் தூங்கவிடவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் மனசை ஆராய ஒரு லேப் வைத்தாராம். அங்கே டக் டக் என்று தாளம் போடும் ஒரு கருவி. அதைக் கேட்கிறவன் தனக்குள்ளேயே பார்த்து, என்ன தோன்றுகிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். அகநோக்கு என்று அதற்குப் பெயர். அவருக்குப் பின்னால் வந்த சீடர் இன்னும் கறார். எதிரே மேஜை இருந்தால் 'மேஜை' என்று சொன்னால் தப்பு. அது உனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம், கண்ணில் பட்டது நிறமும் வடிவமும்தான், அதை மட்டும் சொல் என்பாராம்.

பழகிப் பார்க்க எங்களுக்கு ஒரு பயிற்சி. நினைவில் உள்ள ஒரு சம்பவத்தை எடுத்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். நான் 2022 பிப்ரவரி பத்தாம் தேதியை எடுத்தேன், அண்ணா. வேறு எதை எடுப்பேன்?

பிரஸ்ஸுக்கு முதுகு காட்டி நின்று தொட்டியிலிருந்த பீஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம். திரும்பினேன். உங்கள் முகம். பிறகு கீழே விழுந்த கையுறை. இவ்வளவுதான் எழுத முடிந்தது. விளக்கு வரவில்லை. எத்தனை முறை உள்ளே போய்த் தேடினாலும் விளக்கு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

ஆனால் கம்பெனி விசாரணையில் நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கும் தெரியும். "சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தும் ராபின் கை வைத்தார்." சிவப்பு எரிந்தால் அச்சு இறங்கப் போகிறது, கை வைக்காதே என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் வேண்டுமென்றே விதியை மீறினார் என்று எழுதி உங்களை வேலையை விட்டு எடுத்தார்கள். பதினொரு வருஷ வேலை.

நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

சுகி

•

வேப்பம்பட்டு
19.8.2025

சுகிர்தாவுக்கு,

கடிதம் வந்தது. முதலில் பிரின்சி படித்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

இது இடது கை எழுத்து. கோழி கிண்டினாற்போல இருக்கும். தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார் கைக்குப் பயிற்சி கொடுக்கும் டாக்டர். அதற்குத்தான் இதை எழுதுகிறேன், வேறு ஒன்றுக்கும் இல்லை.

இங்கே ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் வேலை. கேட் திறப்பேன், மூடுவேன். அதற்கு ஒரு கை போதும்.

பிரஸ் ஷாப்பில் பதினொரு வருஷம் டக்கு டக்கு என்று கேட்டவன் நான். எனக்கு ஜெர்மன்காரன் தாளம் சொல்லித் தர வேண்டாம்.

நீ பார்த்தாயோ பார்க்கவில்லையோ, அதை விடு. சிவப்பு எரிந்தது. நான்தான் கை வைத்தேன். இனி எழுதாதே.

ராபின்

•

கும்மிடிப்பூண்டி
31.8.2025

அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று நீங்களே சொல்வீர்கள்.

உங்கள் கடைசி வரியைப் பத்து முறை படித்தேன். சிவப்பு எரிந்தது என்று நீங்கள் எப்படி எழுதலாம்? அன்று ஆஸ்பத்திரியில் ஊசி மயக்கத்திலும் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "சுகி, லைட்டே எரியல. நான் பாத்துட்டுதான் கை வச்சேன்." விசாரணையிலும் அதையேதான் சொன்னீர்கள். நான் எதிரே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். உங்களை அந்த மனுஷர்கள் பொய்யன் என்று எழுதிக்கொண்டார்கள்.

இப்போது நீங்களே அவர்கள் பக்கம் போய்விட்டீர்களா? என்மேல் உள்ள கோபத்தில் எழுதியதா? கோபம் என்றால் சந்தோஷப்படுவேன்.

இரண்டாவது பாடமும் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு கூட்டம், உள்ளே பார்க்கிற வேலையெல்லாம் வெட்டி, மனசை யாரும் கண்ணால் பார்க்க முடியாது, ஆகவே வெளியே செய்வதை மட்டும் அளப்போம் என்றது. நடத்தைவாதிகள் என்று பெயர். அவர்களுக்கு முன்னாலேயே ரஷ்யாவில் ஒருவர் நாய்க்குச் சோறு வைக்கும்போதெல்லாம் மணியடித்துப் பழக்கி, பிறகு மணிக்கே எச்சில் ஊறுவதைக் காட்டியிருந்தார். எனக்கு அந்தப் பாடம் பிடிக்கவில்லை. அவர்கள் கணக்கில் நான் என்ன நினைத்தேன், ஏன் பயந்தேன் என்பதற்கெல்லாம் இடமே இல்லை. சுகிர்தா வாயைத் திறந்தாள், ராபின் வேலை போனது. அவ்வளவுதான் பதிவாகும்.

அடுத்த பாடம்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது. மறுபடியும் ஜெர்மன்காரர்கள். ஒரு வட்டத்தைப் போட்டு அதன் கோட்டில் கொஞ்சம் இடைவெளி விட்டாலும் நம் கண் அதை முழு வட்டமாகத்தான் பார்க்குமாம். குறையாக எதையும் விட்டுவைக்க மனசுக்குப் பிடிக்காது, தானே நிரப்பிக்கொள்ளும் என்கிறார்கள். சத்தமும் உங்கள் முகமும் என்னிடம் இருந்தன. நடுவில் இருந்த ஓட்டையை நான் விளக்கைப் போட்டு அடைத்துவிட்டேன் போல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கதையைத்தான் நான் வகுப்பில் சொல்கிறேன். பெயர் சொல்வதில்லை, 'ஒரு அனுபவமுள்ள ஆபரேட்டர்' என்பேன். விளக்கின் போட்டோவைத் திரையில் காட்டுவேன். இதுவரை நாற்பத்தொரு பேட்ச். சொல்லச் சொல்ல, வகுப்பில் நிற்கும் நேரத்தில் மட்டும், எனக்கே எல்லாம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிட்டது.

சுகி

•

வேப்பம்பட்டு
5.10.2025, ஞாயிறு

சுகிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். கை வலித்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்வேன்.

கேன்டீன் மணி அடித்தால் நம் ஷாப் தணிகைவேல் கையைக்கூடக் கழுவாமல் ஓடுவானே, அதைப் பார்த்திருந்தால் அந்த ரஷ்யாக்காரருக்கு நாயே தேவைப்பட்டிருக்காது. பிரின்சிக்குப் படித்துக் காட்டினேன். மூன்று வருஷத்தில் உன் பெயரைச் சொல்லி இந்த வீட்டில் சிரித்தது அன்றைக்குத்தான். உடனே நிறுத்திக்கொண்டாள்.

கோபத்தில் எழுதவில்லை, சுகி. உண்மையைத்தான் எழுதினேன். முதலில் எனக்கும் லைட் எரியவில்லை என்றுதான் இருந்தது. விசாரணையில் உன் வாக்குமூலத்தை மூன்று தடவை வாசித்துக் காட்டினார்கள். போட்டோவை முன்னால் வைத்து, "நல்லா பாருங்க ராபின், யோசிச்சி சொல்லுங்க" என்றார்கள். அப்போதும் இல்லை என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் பிரின்சி, "அந்தப் பொண்ணு உன்கூடப் பொறக்கல, அவ்ளோதான். பொய் சொல்ற பொண்ணா அது? நீதான் அவசரப்பட்டுகினு வச்சிருப்ப" என்பாள். உண்மையைச் சொல்லி எங்கள் சோற்றைப் பிடுங்கினாய் என்பதுதான் அவள் கோபம்; நீ பொய் சொல்ல மாட்டாய் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கும்தான். என் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போய் வேலைக்குச் சேர்த்துவிட்ட பெண் நீ.

போன வருஷம் பிரின்சியின் சித்தி மகள் நர்மதா உங்கள் கம்பெனியில் சேர்ந்தாள். முதல் நாள் வகுப்பு முடிந்து இங்கே வந்தவள், "அத்தான், இன்னிக்கி கிளாஸ்ல ஒருத்தர் கதை சொன்னாங்க, அழுகையே வந்துச்சி" என்று முழுவதையும் சொன்னாள். என் கை பஸ் விபத்தில் போனது என்றுதான் பிரின்சி வீட்டாரிடம் சொல்லியிருந்தோம்; என் கதை என்று அவளுக்குத் தெரியாது. நான் யாரோ ஒருவன் கதையைப்போலக் கேட்டேன். அன்றிலிருந்துதான் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது.

இப்போது கண்ணை மூடினால் போதும். அந்தோணியின் மெஷின். அவன் லீவு என்பதால் அன்றைக்கு என்னைப் போட்டிருந்தார்கள். மூன்றாவது பீஸ். விளக்கு எரிகிறது, நன்றாகவே எரிகிறது. அதன் கண்ணாடி மூடியில் விரிசல், விரிசல்மேல் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது. அந்த டேப்பின் வழியாகச் சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சாகத் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே கையை வைக்கிறேன். இத்தனை துல்லியமாக ஒருவனுக்குப் பொய் தெரியுமா?

அப்போது நான் பயத்தில் பொய் சொல்லியிருக்கிறேன். உன்னைத் தெருவில் நிற்க வைத்துப் பொய்க்காரி என்று கத்தினேன். உன் அம்மா பிரேயர் ஹாலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். என்னை மன்னித்துவிடு.

வேலையைத் திரும்பக் கேட்டுத் தணிகைவேல் யூனியன் மூலம் தொழிலாளர் கோர்ட்டில் போட்ட கேஸ் நவம்பர் 12 புதன்கிழமை வருகிறது. அன்றைக்குப் போய் வாபஸ் எழுதிக் கொடுக்கப்போகிறேன். தப்பு என்னுடையது என்று தெரிந்துகொண்டே நியாயம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன், "பைத்தியமா உனக்கு? நான் மூணு வருசமா பேஜாரு பட்டுக்கினு கீறேன்" என்று திட்டுகிறான். திட்டட்டும்.

நீ குழம்பாதே. பாடத்தை நன்றாகப் படி. நீ பார்த்ததுதான் சரி.

ராபின் அண்ணன்

•

கும்மிடிப்பூண்டி
12.10.2025, ஞாயிறு

அண்ணா,

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்ட இடத்தை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு மீதியைப் படித்தேன்.

வாபஸ் எழுதாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள். ஒரே மூச்சில் எழுதுகிறேன், நிறுத்தினால் மறுபடி பாடப் புத்தகத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன்.

அந்த விளக்கு திங்கள்கிழமையே ஃபியூஸ் போய்விட்டது.

மெஷின்களின் செக் ஷீட்டை நிரப்புவது என் வேலை. விளக்கு, மூடி, ஸ்விட்ச் எல்லாம் சரியா என்று தினமும் பார்த்து டிக் போட வேண்டும். யார் தினமும் பார்த்தார்கள்? உங்களுக்கும் தெரியும். திங்கள் காலையிலேயே ஆறு நாள் கட்டத்துக்கும் சேர்த்து டிக் போட்டுவிட்டு நாஷ்டாவுக்குப் போவோம். ஆடிட் வருகிறவர்கள் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அன்றும் போட்டுவிட்டேன். பிற்பாடு அந்தோணி வந்து, "சுகி, லைட்டு போய்ச்சி, எய்திக்கோ" என்றான். ஏற்கெனவே போட்ட டிக்கை அடித்தால் கேள்வி வரும். "பாக்கலாம்" என்றேன். அவன் மூன்று நாள் சத்தத்தை வைத்தே ஓட்டினான். அவனுக்குப் பழகிவிட்டது. வியாழக்கிழமை அவன் லீவு. நீங்கள் வந்தீர்கள். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே முதுகைக் காட்டி நின்றேன்.

உங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன பிறகு எலெக்ட்ரீஷியன் வந்தார். சூப்பர்வைசர் என்னையும் நிற்கச் சொன்னார். பல்பை மாற்றும்போது கண்ணாடி மூடி கையிலிருந்து நழுவி விரிசல் விட்டது. மாற்று மூடி இல்லை. "டேப் குடும்மா" என்றார். ரோலிலிருந்து பல்லால் கடித்து, பிய்த்துக் கொடுத்தேன். மஞ்சள் டேப். மறுநாள் காலையில் போட்டோ எடுத்தார்கள்.

புரிகிறதா அண்ணா? நீங்கள் கை வைத்தபோது அந்த விரிசல் இல்லை. அந்த டேப் இல்லை. அது அன்று சாயங்காலம் நான் ஒட்டக் கொடுத்தது. நீங்கள் கண்ணை மூடிப் பார்ப்பது பிரஸ்ஸை இல்லை, போட்டோவை. அதில் சிவப்பை ஏற்றி வைத்தது என் வாய். நாற்பத்தொரு பேட்ச்சில் ஒரு பேட்ச் வழியாக அது உங்கள் வீட்டுக்கே நடந்து வந்திருக்கிறது.

இந்த மாதம் வந்த பாடமும் இதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் ஒருவர் எங்கோ ஒரு தேசத்துக் கதையைப் படிக்கக் கொடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாராம். ஒவ்வொரு தடவையும் கதை மாறி, சொல்கிறவனுக்குப் பழக்கமான கதையாகவே ஆகிவிட்டதாம். நினைவு என்பது பீரோவில் மடித்து வைத்த துணி இல்லை, எடுக்கும்போதெல்லாம் புதிதாகத் தைக்கிறோம் என்கிறார். நடத்தைவாதிகள் வேண்டாம் என்று பூட்டிய மனசைப் பின்னால் வந்தவர்கள் மறுபடி திறந்தபோது, உள்ளே இப்படியெல்லாம் நடப்பதைக் கண்டார்களாம்.

உங்களுக்கு இது பொருந்தும். எனக்குப் பொருந்தாது. முதல் கடிதத்தில் அகநோக்கு என்றேன், இரண்டாவதில் உடைந்த வட்டம் என்றேன். உளவியலில் ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு பள்ளி என்பார்கள்; அந்த இரண்டு பள்ளிக்காரர்களையும் எனக்கு வக்கீலாக வைத்துக்கொண்டேன். இருபதாவது பேட்ச்சில் எனக்கே சிவப்பு தெரிய ஆரம்பித்தது உண்மைதான். ஆனால் விசாரணை அன்று தெரியவில்லை. எரியவில்லை என்று தெரிந்தே எரிந்தது என்றேன். எரியவில்லை என்றால் என் டிக் வெளியே வரும், வேலை போகும், அப்பா படுத்த படுக்கை. அது மறதி இல்லை, நிரப்பியதும் இல்லை. பொய். அதை ஒரு பொய்யாகவே வைத்திருந்தால்கூட என்றைக்காவது உடைந்திருக்கும். நான் அதை உங்களுக்கு நினைவாகக் கொடுத்துவிட்டேன்.

விரல் போனதற்கு மெஷின் காரணம் என்று சொல்லலாம். உங்களுடைய அந்த ஒரு நிமிஷத்தை எடுத்தது நான்.

அந்த வாரத்து செக் ஷீட் நகலையும், எலெக்ட்ரீஷியன் பல்பு வாங்கிய ஸ்டோர் சீட்டையும் நேற்று தணிகைவேல் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். சீட்டில் பத்தாம் தேதி, மாலை ஐந்து மணி என்று இருக்கிறது. நவம்பர் 12 வருகிறேன். கோர்ட்டில் சொல்கிறேன். நாளை வகுப்பு இருக்கிறது, எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். பதில் சொன்னேன். இனிமேல் எனக்கு அங்கே வேலை இருக்காது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

சுகிர்தா

•

வேப்பம்பட்டு
26.10.2025

சுகிர்தா,

பிரின்சி உன் கடிதத்தை அடுப்பில் போடப் போனாள். கோர்ட்டுக்கு ஆகும் என்று தணிகைவேல் பிடுங்கிக்கொண்டான். பிறகு அவள் பைபிளை மூடி வைத்துவிட்டு அழுதாள். "அந்தப் பொண்ணு பொய் சொல்லாதுன்னு நான்தானே உன்னை அடிச்சி அடிச்சி சொன்னேன்" என்றாள். அவள் அழுததற்கும் நீதான் காரணம், அதையும் சேர்த்து வைத்துக்கொள்.

வாபஸ் எழுதவில்லை.

நீ சொன்னதை நான் நம்புகிறேன். டேப்பை நீ கடித்துப் பிய்த்தாய் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஷாப்பில் கத்தரி கிடைக்காமல் எல்லோரும் அப்படித்தான் பிய்ப்போம். புரிந்தவுடன் கண்ணை மூடிப் பார்த்தேன், அணைந்திருக்கும் என்று. எரிகிறது, சுகி. மஞ்சள் டேப்போடு அப்படியே எரிகிறது. பத்து நாளாக முயற்சி செய்கிறேன். பொய் என்று தெரிந்த பிறகும் எரிகிறது. உன் புத்தகத்தில் ஏற்றுவதைப் பற்றி இத்தனை பள்ளிக்காரர்கள் எழுதியிருக்கிறார்களே, அணைப்பதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா? இருந்தால் எழுது. இல்லாவிட்டால் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் லைட்டே எரியவில்லை என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அப்படிச் சொன்னவனைத் தேடிப் பார்க்கிறேன். விசாரணையில் இல்லை என்றது நினைவிருக்கிறது; எரியாத லைட்டைப் பார்த்தவன் என்னிடம் இல்லை. அதுவும் இப்போது உன் பேச்சுதான்.

என்ன பார்த்தீர்கள் என்று நீதிபதி கேட்பார் என்கிறான் தணிகைவேல். "எரியலன்னு சொல்லிடுண்ணா, முடிஞ்சிது" என்கிறான். எரிந்தது என்றால் அது நீ முதலில் கொடுத்தது. எரியவில்லை என்றால் அது நீ இப்போது கொடுப்பது. மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் வாயால் பார்த்தேன். மறுபடியும் உன் வாயால் பார்க்க மாட்டேன்.

எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லப்போகிறேன். கேஸுக்கு அது உதவாது என்கிறான். உதவ வேண்டியது உன் சாட்சி. தெரியாது என்பது மட்டும்தான் இப்போது என்னுடையது.

12ஆம் தேதி காலை பத்து மணிக்கு வந்துவிடு. பிரின்சி பக்கத்தில் உட்காராதே.

ராபின்